ஆத்தங்குடி ஆட்டோவும் பர்மா தேக்கும்
ஆட்டோ கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பார்க்கப் போயிருந்தோம். காரைக்குடியில் ஆட்டோக்காரர் ஒருவர் ஆத்தங்குடி, கானாடுகாத்தான் இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். பேரம் பேசித்தான் ஏறினோம். திரும்பி வந்து இறங்கும்போது, "வெயிட்டிங் சார்ஜ் தனி சார்" என்கிறார். "ஏறும்போது சொல்லலையேண்ணே?" என்றால், "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!" ராத்திரி சாப்பாட்டுக் காசு அதிலேயே போயிற்று. டவுன் பஸ் உண்டு, அடிக்கடி கிடையாது. கண்டக்டரிடம் திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அதிலேயே போங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். ஆத்தங்குடியில் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பெரிய வீடு. என் மனைவிக்குச் செடி கொடி என்றால் உயிர். உள்ளே நுழைந்ததும், "தோட்டம் எங்கேங்க?" என்றாள். தோட்டமெல்லாம் இல்லை. முகப்பு தாண்டினால் வளவு, அதாவது நடுவில் வானம் பார்த்த முற்றம், அப்புறம் கட்டு கட்டாக வீடு பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால் ஒரு காடே வீட்டுக்குள் இருக்கிறது! பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்குத் தூண்கள். கதவு நிலையில் விரல் நுனி அளவு இடம்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். சுவரைத் தடவினேன், பளிங்கு மாதிரி வழுக்கியது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசியதாம். வளவில் விழும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஊருணிக்கு, அதாவது ஊர்க் குளத்துக்கு, அனுப்பும் ஏற்பாட்டையும் பார்த்தோம். இன்றைய ஃபிளாட்டுகளில் இதை எவன் யோசிக்கிறான்?

பக்கத்துப் பட்டறையில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடி ஓடு வார்க்கிறார்கள். கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சை வைத்து, குட்டிக் கரண்டியால் நிறக் கலவையைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார் ஒருவர். அச்சைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கிறது, நிறம் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அதன் மேல் சிமென்ட்டும் மணலும். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். பூ இருக்கும் பக்கத்துக்குப் பளபளப்பு வருவதே அடியில் இருந்த கண்ணாடியால்தான். சூளையே கிடையாது. என் மனைவி அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றுவிட்டாள். வெயிட்டிங் கட்டணத்தில் பாதி அங்கேதான் ஏறியிருக்கும்.

கானாடுகாத்தான் அரண்மனை 1912-இல் கட்டியது. வாசலில் நின்று போட்டோ எடுத்ததோடு சரி.

சாப்பாடு மட்டும் குறையே இல்லை. ஒரு சின்ன மெஸ்ஸில் வெண்டைக்காய் மண்டி. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்துச் செய்வது, சோற்றில் பிசைந்தால் இறங்குவதே தெரியாது. கடைசியில் கவுனி அரிசி என்ற கறுப்பு அரிசியில் செய்த இனிப்பு, தேங்காய்த் துருவலோடு. பில்லைப் பார்த்துத்தான் நிம்மதி வந்தது. அந்த வெயிட்டிங் காசில் மூன்று பேர் சாப்பிட்டிருக்கலாம்.