ஸ்க்ரூ கணக்கும் தண்ணி கணக்கும்

பர்மிங்காம்ல ஒரு ஸ்க்ரூ, போல்ட் குடோன்ல கணக்கு பார்க்கிறேன், ஆறு வருஷம் ஆச்சு. யுனிவர்சிட்டி பக்கம் போறப்பல்லாம் நூறு மீட்டர் உயர மணிக்கூண்டு கண்ணுல படும், இங்க அதை ஓல்ட் ஜோன்னு தான் சொல்வாங்க. அந்த ஜோ யாருன்னு தேடிப் படிச்சா, ஜோசப் சேம்பர்லைன், அவரும் ஸ்க்ரூ கம்பெனில கணக்கு பார்த்த ஆளு! அன்னிலேர்ந்து ஒரு ஒட்டுதல்.

1854ல, 18 வயசுல லண்டன்லேர்ந்து வந்தவர். அதுவரைக்கும் மரத்துல போடற ஸ்க்ரூவுக்கு முனை மொட்டையா இருக்கும், முதல்ல ஓட்டை போட்டுட்டு தான் திருகணும். கூர்முனை போடற அமெரிக்க மெஷினோட உரிமையை அத்தை வீட்டுக்காரர் நெட்டில்ஃபோல்டு வாங்கினார், அதுல அப்பா போட்ட பணத்தைப் பார்த்துக்க பையன் வந்தான். கம்பெனி உச்சத்துல இருந்தப்ப இங்கிலாந்து ஸ்க்ரூவுல மூணுல ரெண்டு பங்கு அவங்களது. எங்களை நசுக்கிட்டாங்கன்னு சின்ன பட்டறைக்காரங்க புலம்பினாங்க, அதையும் சொல்லணும்.

1873ல மேயர் ஆனார். ஊர்ல இருந்த ரெண்டு கேஸ் கம்பெனியையும் நகராட்சிக்கு வாங்கி, வர்ற லாபத்தை ஊருக்குன்னு வெச்சார். அடுத்து தண்ணி கம்பெனி. ஏழை ஜனங்க அசுத்தமான கிணத்துத் தண்ணி குடிச்சு செத்துட்டு இருந்த காலம், அதனால இதுல லாபமே வேணாம், மிச்சம் வந்தா தண்ணி விலையைக் குறைங்கன்னுட்டார். கேஸ்ல லாபம் பாரு, தண்ணில பார்க்காதே. கணக்கு எழுதறவனுக்கு இந்த பிரிப்பு எவ்வளவு பெருசுன்னு தெரியும்.

முன்னாடி வேலை பார்த்த இடத்துல செலவைக் குறைன்னு சொன்னாங்க, நான் கையுறை வாங்கறதை பாதியாக்கினேன். ஒரு மாசத்துல பேக்கிங்ல ஒரு அண்ணனுக்கு ஸ்டீல் பட்டை கிழிச்சு உள்ளங்கைல ஏழு தையல். அந்த ஷீட்ல கோடு போட்டது நான் தான், இன்னும் மனசு ஆறலை. வேலைல அடிபட்டா முதலாளி ஈடு கொடுக்கணும்னு 1897ல வந்த சட்டத்துக்கும் சேம்பர்லைன் தான் முன்ன நின்னார்னு படிச்சப்ப ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துட்டு இருந்தேன்.

அப்ப அவர் பிரிட்டன் ஆண்ட காலனி நாடுகளைப் பார்த்துக்கற மந்திரி. ரெண்டு வருஷத்துல தென் ஆப்பிரிக்கால போயர்ங்கற டச்சு வம்சாவளிக்காரங்களோட பிரிட்டன் போட்ட போயர் யுத்தம், அதுல அவர் பண்ணினதை என்னால ஏத்துக்கவே முடியாது. தண்ணிக்கு அழுத மனுஷன் எப்படி அங்க போனார்னு இன்னும் புரியலை.

இப்ப கையுறை, ஷூ எல்லாத்துக்கும் தனி ஷீட் வெச்சிருக்கேன். செலவு குறைக்கற லிஸ்ட்ல அது வராது, மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன்.