கண்டென்சரில் ஏறிய வெள்ளைப் படிகங்கள்

கரிமஉலோக வேதியியல் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் எனக்குத் தரப்பட்ட சேர்மம், அனிசோல் குரோமியம் டிரைகார்பனைல். தாளில் அது எளிது. குரோமியம் ஹெக்ஸாகார்பனைலையும் அனிசோலையும் நைட்ரஜன் சூழலில் சூடாக்கினால், ஆறு கார்பன் மோனாக்சைடுகளில் மூன்று வெளியேற, அந்த இடத்தை அனிசோலின் பென்சீன் வளையம் பிடித்துக்கொள்ளும். குரோமியத்தின் 6 எலக்ட்ரான், வளையத்தின் 6, கார்பனைல்கள் எனப்படும் எஞ்சிய மூன்று கார்பன் மோனாக்சைடுகளின் 6 எனக் கூட்டினால் 18; இவ்வகைச் சேர்மம் நிலையாக இருக்க வேண்டிய எண்ணிக்கை அதுதான், கணக்குச் சரி.

வெப்பம் கூடினால் வினை விரையும் என்ற நினைப்பில், 142 டிகிரியில் கொதிக்கும் டைபியூட்டைல் ஈதரை மட்டும் எடுத்துக்கொண்டு, செய்முறையில் அதனுடன் பத்தில் ஒரு பங்காகச் சொல்லியிருந்த டெட்ராஹைட்ரோஃபியூரானை, 66 டிகிரியிலேயே கொதித்துவிடும் அது எதற்கு என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் கரைசல் வெளிறிய மஞ்சளாகவே இருந்தது. ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப இறக்கும் கண்டென்சர் குழாயின் உட்சுவரிலோ வெள்ளைப் படிகங்கள் அப்பியிருந்தன. ஹெக்ஸாகார்பனைல் வினையில் ஈடுபடாமல் பதங்கமாகி மேலேறியிருந்தது. இன்னும் கொஞ்சம் படிந்திருந்தால் குழாயே அடைத்திருக்கும். எட்டிப் பார்த்த மூத்த ஆய்வாளர், நான் விட்டுவிட்ட டெட்ராஹைட்ரோஃபியூரானைப் பற்றி, "அது கொதிக்கிறதுக்கு இல்லப்பா, மேல போறதைக் கழுவி இறக்குறதுக்கு" என்றார்.

இரண்டாம் முறை இரு கரைப்பான்களிலும் கரைந்திருந்த காற்றை நீக்கி, 2.2 கிராம் ஹெக்ஸாகார்பனைலுடன் தொடங்கினேன். வினை முழுமையடைந்தால் ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் கார்பன் மோனாக்சைடு வெளியேறும் என்பதால், நச்சு வாயுக்களை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடை விட்டு எதையும் வெளியே எடுக்கவில்லை. வடிகட்டிக் குளிரவைத்தபோது மஞ்சள் படிகங்கள் இறங்கின.

இதன் அமைப்பைப் பியானோ முக்காலி என்பார்கள்: வளையம் இருக்கைப் பலகை, கார்பனைல்கள் மூன்று கால்கள். அனிசோல் சேர்மத்தில் ஒரு கால், வளையத்தில் மெத்தாக்ஸி தொகுதி (OCH₃) உள்ள கார்பனுக்கு நேர் கீழே வந்து நிற்கும். அகச்சிவப்பு நிறமாலையில் ஹெக்ஸாகார்பனைலின் ஒற்றைக் கார்பனைல் பட்டை போய் இரண்டு பட்டைகள் தெரிந்தபோதே பாதி நம்பிக்கை வந்தது. ஹைட்ரஜன்களின் சூழலைக் காட்டும் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்திசைவு) நிறமாலையில், அனிசோலில் 7 பிபிஎம்மை ஒட்டி வரும் வளைய ஹைட்ரஜன்கள் 5-ஐ ஒட்டி இறங்கியிருந்தது மீதியைத் தீர்த்துவைத்தது.

அந்த மகிழ்ச்சியில் என்எம்ஆர் குழாயை ஜன்னலோர மேசையிலேயே விட்டுவிட்டேன். திடநிலையில் காற்றைத் தாங்கும் இச்சேர்மம், கரைசலில் ஒளியும் காற்றும் பட்டால் தாங்காது. மறுநாள் குழாயின் அடியில் பச்சை வண்டல் தங்கியிருந்தது.