காற்றை இறக்கி, ஸ்பிரிங்கை ஏற்றி

ஜனவரி 8

காலையில் செவர்லே மறுபடியும் இடப்பக்கம் படுத்துக் கிடந்தது. 1953ஆம் வருடத்து 3100 பிக்கப். பெங்களூரில் வாங்கும்போதே லீஃப் ஸ்பிரிங்கெல்லாம் போய், நான்கு சக்கரத்துக்கும் ஏர் பெல்லோஸ், அதாவது காற்றடைத்த ரப்பர் பை, வந்திருந்தது. கிருஷ்ணகிரிக் குளிரில் காற்று சுருங்குகிறது என்று இத்தனை நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். 15 டிகிரி இறங்கினால் அழுத்தம் நூற்றுக்கு 5 பங்குதான் குறையும். அதற்கு வண்டி படுக்காது. சோப்பு நுரை தடவினேன். வால்வில் ஒரு கொப்புளம், பின்பக்க இடது பெல்லோஸில் இன்னொன்று. ரப்பர் சேஸிஸில் உரசித் தேய்ந்திருக்கிறது. போன மாதம் இதே வண்டியில்தான் தொப்பூர் கணவாய் இறங்கினேன். நினைத்தாலே வயிறு கலங்குகிறது. போதும், காயில் ஓவர் போட்டுவிடலாம்: ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங் வரும் அமைப்பு.

ஜனவரி 11

மாங்காய் மண்டிக்குப் பக்கத்து எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பின் சக்கரங்களுக்கு இன்னொன்று. முன்னால் 830 கிலோ, பின்னால் 630. பின் சக்கரம் ஒன்றுக்கு 315. ஆக்சில், டயர், பிரேக் எடை ஸ்பிரிங்கின் மேல் உட்காராது. அதைக் கழித்தால் ஒரு பின் ஸ்பிரிங் தாங்க வேண்டியது சுமார் 225.

ஜனவரி 18

இன்று முழுக்கப் பட்டறையில். பழைய ஷாக் அப்சார்பரைப் பிடித்திருந்த காதிலேயே, அந்த இரும்புப் பிடியிலேயே, மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பட்டறை அண்ணன் விடவில்லை. “தம்பி, இந்தக் காது ஆட்டத்தை அடக்கத்தான். வண்டியையே இதுல தொங்கவிடப் போறியா?” அவர் சொன்னதுதான் சரி. பெல்லோஸ் தன் தட்டில் உட்கார்ந்து சுமையைத் தாங்கியது. காயில் ஓவரில் அத்தனை எடையும் ஒரே போல்ட்டில் வந்து நிற்கும். போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் நாளடைவில் வளையும். அதனால் 6 மி.மீ. தகட்டில் இருபுறமும் கவ்வும் காது, சேஸிஸின் இரண்டு பக்கச் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குக் குழாய்.

அப்புறம் காயில் ஓவர் நிற்கும் சாய்வு. முதலில் குறித்தது செங்குத்திலிருந்து 30 டிகிரி. அந்தச் சாய்வில் ஸ்பிரிங்கின் விறைப்பில் முக்கால் பங்குதான் சக்கரத்துக்குக் கிடைக்கும்: ஒரு மி.மீ. அமுங்க 3 கிலோ கேட்கும் ஸ்பிரிங் 2.25 போல வேலை செய்யும், அந்த 225 கிலோவுக்கு வண்டி 100 மி.மீ. அமிழும். 20 டிகிரிக்கு நிமிர்த்தினால் 85தான். காதை வெட்டி மறுபடி வைத்தார், முகம் சுளிக்கவில்லை.

ஜனவரி 25

முன்பக்கம் அரை நாளில் முடிந்தது.

உயரம்தான் மனசை அறுத்தது. பட்டனை அழுத்தினால் தரையோடு தரையாகப் படுக்கும் அந்த அழகுக்காகத்தான் வாங்கினேன். இனி ஒரே உயரம். வேகத்தடை விதிப்படி 10 செ.மீ.; நம் ஊர்ப் பக்கம் அதைவிட உயரமாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். அப்பா தோப்பிலிருந்து வந்து பார்த்தார். “ஓடற வண்டிதான்டா அழகு.” அடிவயிற்றுக்கு 14 செ.மீ. விட்டேன்.

பிப்ரவரி 1

வீல் அலைன்மென்ட் முடித்து அணை வரை ஓட்டினேன். பின்பக்கம் கொஞ்சம் விறைப்பு, ஆனால் வளைவில் சாயவில்லை. கம்ப்ரசர் சத்தமே இல்லாமல் இன்ஜின் மட்டும் கேட்டது. அப்பா வழி நெடுக ஒன்றும் பேசவில்லை, ஜன்னலில் கை வைத்தபடி வந்தார்.

பிப்ரவரி 8

ஒரு வாரத்தில் இடப்பக்கம் 6 மி.மீ. அமர்ந்திருக்கிறது. ஜாக்கி போட்டு, காயில் ஓவரில் ஸ்பிரிங்கைத் தாங்கும் திருகு வளையத்தைத் திருகி ஏற்றினேன். காலையில் அளந்தால் இரு பக்கமும் ஒரே அளவு.