கொஞ்சமே கொஞ்சம்

ஜூலை 2

அக்காவின் ரிப்போர்ட் வரவில்லை. திங்கட்கிழமை ஆகுமாம்.

ஜூலை 3

ராத்திரி ரெண்டு மணி வரை அக்கா தூங்கவில்லை. ‘ஜானே தூ யா ஜானே நா’ இந்திப் படப் பாட்டுகளைப் போடச் சொன்னாள். இயர்போனில் ஆளுக்கு ஒரு பக்கம். அந்தப் பாட்டெல்லாம் வந்தபோது அவள் காலேஜில் இருந்தாள், நான் எட்டாவது. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ரஹ்மான் என்பது போதுமானதாக இருந்தது.

‘கபி கபி அதிதி’யில், சிரி, இல்லாவிட்டால் கொஞ்சமே கொஞ்சம் புன்னகையாவது செய் என்று கெஞ்சும் இடம். ‘தோடா தோடா’ என்று அடுக்கிக்கொண்டே போகும்போது, ஊசி குத்தியிருந்த கையில் சுண்டுவிரல் மட்டும் மெத்தையில் தட்டியது. ஒன்றுகூடத் தவறவில்லை.

அதைப் பாடிய ரஷீத் அலி கிட்டார்காரர். பாடும்போதும் அப்படித்தான், கட்டிலோரமாக உட்கார்ந்து பேச்சுவாக்கில் பாடுகிற மாதிரி. குரலை எங்கேயும் உயர்த்திக் காட்டுவதில்லை.

ஜூலை 4

படம் வெளிவந்த தேதி. 2008. அக்காவிடம் சொன்னேன். “பதினேழு வருஷமாடா?” என்றாள்.

ஜூலை 5

பெரியப்பா மகன் பார்க்க வந்திருந்தான். என்ன பாட்டுக் கேட்கிறீர்கள் என்றான், சொன்னேன். “அது லைட்டா போட்டதுதானே, ரஹ்மானோட பெரிய வேலை எல்லாம் வேற” என்றான். அப்போது பதில் வரவில்லை. சாயங்காலம் முழுக்க அதே நினைப்பு.

அதே 2008 பிப்ரவரியில்தான் ‘ஜோதா அக்பர்’. அதில் ‘க்வாஜா மேரே க்வாஜா’ பாடியது ரஹ்மான் குரல். இங்கே ‘தூ போலே மே போலூ’ பாடுவதும் அதே குரல். அங்கே தொழுகை; இங்கே ஜாஸ், சட்டைக் கையை மடித்துவிட்டுப் பியானோ பக்கத்தில் நிற்கிற ஆள். ஒருவரே ஐந்தே மாத இடைவெளியில் இரண்டையும் கொடுத்தார். அந்த வருஷத்துக்கான ஃபிலிம்ஃபேர் சிறந்த இசை விருதும் இந்த ‘லைட்’ ஆல்பத்துக்குத்தான் போனது. ‘ஜோதா அக்பரு’க்குக் கிடைத்தது பின்னணி இசைக்கு.

அப்பாஸ் டைர்வாலா, முதல் படம் இயக்குகிறவர், பாட்டும் அவரே எழுதினார். பம்பாய்ப் பிள்ளைகள் பேசுகிற பேச்சு. அதன் மேல் பெரிய வாத்தியக் கூட்டத்தை ஏற்றியிருந்தால் நசுங்கியிருக்கும். ‘பப்பு கான்ட் டான்ஸ்’ மாதிரி ஒரு கேலியைக்கூட ரஹ்மான் அதன் போக்கில் துள்ளவிட்டிருக்கிறார். எடை ஏற்றாமல் விடுவதற்கும் கை வேண்டும். இந்த வாரம் கனமான பாட்டு எதையும் எங்களால் கேட்க முடியவில்லை. இதை முடிகிறது.

ஜூலை 6

படத்தின் நாயகி அதிதியின் பூனை செத்துப்போனதற்குத்தான் அந்த ‘கபி கபி அதிதி’ பாட்டு. இன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. அக்காவுக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. போடச் சொன்னாள், சார்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 7

டாக்டர் வரவில்லை. நாளைக்காம்.

படத்தின் கதை முழுவதையும் ஏர்போர்ட்டில் காத்திருக்கும் நண்பர்கள்தான் சொல்வார்கள். இங்கே லேப் வாசலில் ஏழு நாற்காலி, ஒன்றுக்குக் கை உடைந்திருக்கிறது. அதில்தான் நான்.

ராத்திரி அவளே கேட்டாள். “பூனைக்காகத்தானே பாடுவாங்க? எனக்குத் தெரியும்டா. போடு.”

போட்டேன்.

ஜூலை 8

காலையில் வரும்போது சீப்பும் சார்ஜரும் எடுத்துவரச் சொன்னாள். ‘சைய்யா சைய்யா’ பாடிய சுக்விந்தர் சிங் இந்தப் படத்தில் ஒரு பாட்டை அவ்வளவு மெதுவாகப் பாடியிருப்பாரே, அதை இன்னும் கேட்கவே இல்லையாம்.