வலித்தது 47, எடுக்கச் சொன்னது 48

ராத்திரி படுத்தால் வலது காது வரைக்கும் தெறிக்கும் வலி. கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து பார்த்தால் சொத்தையாக ஒன்றும் தெரியாது. பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போய்ப் பல் டாக்டரிடம் காட்டினேன். சீட்டில் “47 டிஸ்டல் கேரிஸ், 48 மீசியோஆங்குலர் இம்பேக்‌ஷன், ஓபிஜி” என்று எழுதினார். 47, 48 என்பவை பற்களின் எண்கள்; கேரிஸ் என்றால் சொத்தை, இம்பேக்‌ஷன் என்றால் சரியாக முளைக்காமல் சிக்கிக்கொண்ட பல், ஓபிஜி ஒரு எக்ஸ்ரே. “வலிக்கிறது 47தான்மா. ஆனா 48-ஐ எடுத்தாகணும்” என்றார். வலிக்காத பல்லை எதற்குப் பிடுங்க வேண்டும்? விளங்காமல் சம்மதிக்க எனக்கு மனசு வரவில்லை. கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். அதை அப்படியே எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

எண் சுலபம். முதல் எண் வாயின் கால்பகுதி: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. வலது இடது என்பதெல்லாம் நம்முடையது, எதிரே நிற்கும் டாக்டருடையது அல்ல. இரண்டாவது எண் முன்பல்லிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு போவது. ஆகவே 48 என்றால் கீழ் வலது ஞானப்பல், 47 அதற்கு முந்தின கடைவாய்ப்பல். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகனுக்குப் படத்தை அனுப்பினால், அவன் ஊர் டாக்டர் இந்த 47-ஐ 31 என்கிறார். அங்கே 1 முதல் 32 வரை தொடர்ந்து எண்ணுகிறார்கள். வெளிநாட்டில் கருத்துக் கேட்பவர்கள் எண்ணோடு “கீழ் வலது இரண்டாம் கடைவாய்ப்பல்” என்றும் எழுதிவிடுங்கள்.

இனி பக்கங்கள். கடைவாய்ப்பல்லுக்கு வெளியே தெரிவது ஐந்து. மெல்லும் மேற்பரப்பு அக்ளூசல், கன்னத்தைத் தொடுவது பக்கல், நாக்கைத் தொடுவது லிங்குவல். மேல் வரிசையில் அண்ணத்தைப் பார்ப்பதைப் பாலட்டல் என்பார்கள். மிச்சம் இரண்டும் பந்தியில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தவர்களைப் போலப் பக்கத்துப் பல்லோடு ஒட்டியவை. முன்பற்களின் நடுக்கோட்டை நோக்கியது மீசியல், அதற்கு எதிர்ப்பக்கம் டிஸ்டல். பிரஷ் போகாத இடங்கள் இவை இரண்டும்தான்.

என் 48 நேராக முளைக்கவில்லை. மீசியல் பக்கமாகச் சாய்ந்து, 47-இன் டிஸ்டல் முதுகில் மோதிக்கொண்டு நின்றது. இடுக்கில் சோறு சிக்கி, சிக்கி, 47 பின்னாலிருந்து அரித்துவிட்டது. கண்ணாடியில் தெரியாததற்கும் காரணம் அதுவே. 48 அங்கேயே இருந்தால் 47-இன் பின்பக்கத்தைச் சுத்தம் செய்யவும் முடியாது, ஒழுங்காக அடைக்கவும் முடியாது. இது புரிந்த பிறகு சம்மதிக்க எனக்குத் தயக்கமே இல்லை.

ஓபிஜி என்பது தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே. கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்புக் கால்வாய்க்கு 48-இன் வேர் எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று பார்க்கத்தான் அது. உதட்டு உணர்ச்சி அந்த நரம்பைச் சேர்ந்தது.

எடுக்கும் அன்று முதலில் பிபி பார்த்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார்கள். சாப்பிடுகிறவர்கள் அதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். தானாக நிறுத்திவிட்டும் போகக் கூடாது. வாயின் பின்பக்கமாகப் போட்ட ஊசியில் வலது கீழுதடும் நாக்கின் வலது பாதியும் மரத்தன. கன்னப் பக்கத்து ஈறுக்குத் தனியாக இன்னொரு சின்ன ஊசி. வலி இல்லை, அழுத்தம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போட்டார். அதே மரப்பிலேயே 47-ஐயும் திறந்து மருந்து வைத்துவிட்டார். அன்று ராத்திரி காது தெறிக்கவில்லை. பஞ்சைக் கடித்தபடி இருக்கச் சொன்னார்கள். எச்சிலைக் காறித் துப்பாதே, உறிஞ்சிக் குடிக்காதே, ரத்தக்கட்டு கலைந்தால் குழி காய்ந்து கடுமையாக வலிக்கும் என்றார்கள். சூடில்லாத மோர்சாதம்தான் சாப்பாடு.

பிறகு 47-க்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்). சொத்தை பின்பக்கம் என்றாலும், துளை மெல்லும் பரப்பின் வழியாகத்தான் போகிறது. உள்ளே மூன்று வேர்க்கால்வாய்கள்: மீசியோபக்கல், மீசியோலிங்குவல், டிஸ்டல். ஒவ்வொன்றின் நீளமும் மில்லிமீட்டரில் சீட்டில் ஏறியது. பக்கங்களின் பெயரை வைத்தே உள்ளிருக்கும் கால்வாய்க்கும் பெயர். கடைசியில் கேப் போட்டார்கள்.

இதற்கு நடுவே அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து கையைக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் சீட்டிலும் “டிஸ்டல் ரேடியஸ்”. கைகாலில் டிஸ்டல் என்றால் உடம்பிலிருந்து தள்ளியிருக்கும் நுனி. ஆக, ரேடியஸ் என்ற முன்கை எலும்பு மணிக்கட்டுப் பக்கம் உடைந்திருக்கிறது. எலும்பு டாக்டர் சொல்லும் முன்பே எங்கே அடி என்று அம்மாவிடம் சொல்ல முடிந்தது.

என் மாமியார் புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர். போன வாரம் அவரையும் அழைத்துப் போனேன். சீவலை அடக்கி வைக்கும் கன்னப் பக்கத்து உள்சதையை டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார், பற்களின் பக்கல் பரப்பில், ஈறோரம் பிரஷ் அறுத்த பள்ளங்களைக் காட்டினார். புகையிலையை விடச் சொல்லியிருக்கிறார். நானும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

48 போன இடம் ஆறிவிட்டது. இப்போது 47-க்குப் பின்னால் யாரும் இல்லை. வாயைப் பாதி மூடி, கன்னத்தைத் தளர்த்தி, சின்னத் தலை பிரஷைப் பின்னால் வளைத்தால் அந்த டிஸ்டல் பக்கம் கைக்கு எட்டுகிறது.