எந்த ஊர், எந்தக் கோவில்?

பிப்ரவரி 8, ஞாயிறு

பங்காளிகள் கூடி முன்னோருக்குப் போடும் படைப்பு. வளவு முழுக்க ஆள். சாப்பிட்டுவிட்டு இரண்டாங்கட்டில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா மகன், என்னை ஆச்சி (அக்கா) என்று கூப்பிடும் தம்பி, பக்கத்தில் வந்தான். சென்னையில் ஒருவர் பணம் வாங்கித் தங்க வியாபாரத்தில் போடுகிறாராம். லட்சத்துக்கு மாதம் நாலாயிரம். நம்ம பங்காளிகளிலேயே ஆறு புள்ளி, அதாவது ஆறு குடும்பம், போட்டாச்சாம்.

யார் அவர் என்றேன். ஊரையும் கோவிலையும் சொன்னான். நகரத்தாரின் ஒன்பது கோவிலில் எது என்று தெரிந்தால் நமக்கு விசாரணையே முடிந்த மாதிரி. பெண் கொடுக்க அது சரிதான். முதல் போட?

பிப்ரவரி 9, திங்கள்

சந்தைக்குப் போய் வந்து கணக்குப் போட்டேன். மாதம் 4 சதவீதம், வருஷத்துக்கு 48. போட்ட முதல் கைக்குத் திரும்பவே 25 மாதம் ஆகும். அதுவரை வருவது நம் காசாகவே இருக்கலாம், நமக்குப் பின்னால் சேர்ந்தவர் காசாகவும் இருக்கலாம். “மாசம் தவறாம வருது ஆச்சி” என்று தம்பி சொல்வதில் ஒன்றும் நிரூபணமாகவில்லை. அமெரிக்காவில் புதியவர் காசைப் பழையவருக்குக் கொடுத்து ஏமாற்றிய மேடாஃப் கேட்டவர்களுக்கெல்லாம் பல வருஷம் ஒழுங்காகத்தான் கொடுத்தார். 2008 டிசம்பரில் கைதானபோது ஏமாந்து நின்றவர்களில் அவருடைய யூத சமூகத்தாரும் அறக்கட்டளைகளும் ஏராளம்.

தம்பிக்குப் போன் செய்து பத்திரம் கேட்டேன். “நமக்குள்ள எதுக்கு ஆச்சி பத்திரம்?”

பிப்ரவரி 11, புதன்

எங்கள் ஐயா (தாத்தா) பர்மாவுக்குக் கப்பலேறியபோது முதலாளி அவருடைய சொந்தத் தாய்மாமன். அப்படியும் மூன்று வருஷத்துக்குச் சம்பளச் சீட்டு எழுதித்தான் அனுப்பினார். நமக்குள்ளதானே என்று பேரேட்டை மூடி வைத்தவர்கள் இல்லை அவர்கள்.

முப்பது வருஷம் பேங்கில் இருந்த எனக்கே ஒரு கதை உண்டு. தொண்ணூறுகளில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் நாற்பதாயிரம் போட்டேன். கூட்டிப்போனவர் உறவுக்காரர். பணம் போனதை வீட்டில்கூட ரொம்ப நாள் சொல்லவில்லை. அப்படி மூடிய கம்பெனிகளால்தான் 1997-இல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மதுரையில் அதற்குத் தனி நீதிமன்றமே இருக்கிறது.

2019-இல் மத்திய சட்டமும் வந்தது. சொந்தக்காரரிடம் வாங்கும் கைமாற்றை அது தொடாது. ஆனால் முறைப்படுத்தப்படாத திட்டத்துக்கு ஊரெல்லாம் டெபாசிட் கேட்டாலே 1 முதல் 5 வருஷம் சிறை. தம்பிக்கு இது தெரியுமா? ஆள் சேர்த்தால் அவனுக்கு ஒரு சதவீதமாம், பேச்சுவாக்கில் சொன்னான்.

பிப்ரவரி 14, சனி

பெரியாத்தா டெபாசிட்டை உடைக்கப் போகிறது. ஆறு லட்சம், அதுதான் மிச்சம். தம்பி சொன்ன கணக்கில் மாதம் இருபத்திநாலாயிரம். பள்ளத்தூருக்கு ஓடினேன். 25 மாதக் கணக்கைச் சொன்னேன், சட்டம் சொன்னேன், டெபாசிட் வாங்க அனுமதி உண்டா என்று பார்க்கும் ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் அந்தச் சென்னைக்காரர் கம்பெனி பேரே இல்லை என்று போனில் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. அப்புறம் மெதுவாக, தம்பியின் அப்பாவை நினைத்து, “அவுக அப்பச்சி என் மகள் கல்யாணத்துல வேலை செஞ்ச வேலைக்கு, மாட்டேன்னு எப்படித்தா சொல்றது?”

ஆசையைவிட இந்தக் கூச்சம்தான் பணத்தைக் கொண்டுபோகிறது. என் பேரையும் சேர்த்து ஜாயின்ட் டெபாசிட்டாக மாற்றிவிட்டதாகச் சொல்லுங்கள், என் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாதாம் என்றேன். பொய்தான். கெட்ட பேர் எனக்கு இருக்கட்டும்.

பிப்ரவரி 16, திங்கள்

சந்தையில் தம்பி என்னைப் பார்த்தான். பார்க்காத மாதிரி கத்தரிக்காய்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிப்ரவரி 19, வியாழன்

இரவு ஒன்பது மணிக்கு வந்தான். முகப்பிலேயே நின்றான். இந்த மாதம் ஐந்தாம் தேதி வரவேண்டியது இன்னும் வரவில்லையாம். அவனுடையது மூன்று லட்சம். பணம் அனுப்பிய பேங்க் விவரம், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதே, நாளைக்கே பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போகலாம், இனி யாரையும் சேர்க்காதே என்றேன். சரி சரி என்றான்.

“அந்த ஆறு புள்ளிக்கு நான் என்ன ஆச்சி சொல்ல?”

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.