வேனிலிருந்து என் சைக்கிளைப் பார்த்தேன்

என் மைத்துனன் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வேன் ஓட்டுகிறான். போன ஐப்பசியில் ஓர் இரவு வீட்டுக்கு வந்தவன், “ரேடியல் சாலையில் உங்களைத் தாண்டித்தான் வந்தேன், மாமா. பக்கத்தில் வந்த பிறகுதான் சைக்கிள் என்றே தெரிந்தது” என்றான். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதானே இருந்தது என்று கேட்டேன். “அங்கே எல்லாமே சிவப்பாகத்தானே இருக்கிறது” என்றான்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சென்னை துரைப்பாக்கத்தில் வேலை முடிந்து, இரவு 9 மணிக்கு மேல் சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்தச் சாலையில்தான் தினமும் பள்ளிக்கரணைக்குத் திரும்புகிறேன்.

ஞாயிறு இரவு, என் பையையும் மழைக்கோட்டையும் அவனுக்கு மாட்டிவிட்டுச் சைக்கிளை ஓட்டச் சொன்னேன். ஓரமாக நிறுத்திய வேனில், முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு, அவன் இருக்கையில் நான் உட்கார்ந்தேன். தூறல் விழுந்த கண்ணாடியில் ஒவ்வொரு வண்டியின் விளக்கும் கரைந்து பரவியது. என் விளக்கைத் தேட வேண்டியிருந்தது. சீட் கம்பி பின்பக்கம் சாய்ந்திருப்பதால், அதில் மாட்டிய விளக்கு ஓட்டுநரைப் பார்க்காமல் தார்ச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மிச்சத்தை மழைக்கோட்டின் விளிம்பு மறைத்துவிட்டது. பளிச்சென்று தெரிந்தவை பெடலின் இரண்டு மஞ்சள் ரிஃப்ளெக்டர்கள் மட்டுமே. மாறி மாறி ஏறியிறங்கும் அந்த அசைவைப் பார்த்ததும், கால் மிதித்துக்கொண்டு ஒரு மனிதன் போகிறான் என்று மனத்துக்குப் புரிந்துவிடுகிறது.

ஆனால் ரிஃப்ளெக்டர் தன்மேல் ஒளி விழுந்தால்தான் மின்னும். பக்கத்துத் தெருவிலிருந்து வரும் ஆட்டோவின் வெளிச்சம் அதன்மேல் படுவதற்குள் காரியம் கெட்டுவிடும். அதனால் விளக்கு வேண்டும்; பக்கவாட்டிலும் ஒளி கசிகிற விளக்காக வேண்டும்.

இப்போது பின்னால் இரண்டு வைத்திருக்கிறேன். கேரியரின் கடைசியில், எந்தத் துணியும் மறைக்காத இடத்தில், நிலையாக எரிவது ஒன்று. மின்னி மின்னி எரிவது ஒன்று, சீட்டுக்கு அடியில், கோணம் திருத்தியபடி. மின்னும் ஒளி கண்ணை இழுக்கும்; ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று கணிக்க நிலையான ஒளிதான் உதவும். இரண்டும் இருப்பதால் ஒன்று வழியில் அணைந்தாலும் பயமில்லை. அப்பாவின் சைக்கிளில் டயரை உரசி ஓடும் டைனமோ இருந்தது. சிக்னலில் நின்றால் விளக்கும் அணைந்துவிடும், மிகவும் ஆபத்தான நேரத்தில்.

கடையில் பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் லூமன், அதாவது ஒளியின் அளவு, முழு வெளிச்சத்துக்கு. பக்கத்தில் போட்டிருக்கும், சார்ஜ் தாங்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் மின்னும் முறைக்கு. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. முன்விளக்கு எனக்கு 200 லூமன் போதும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைத்தால் அவர் நம்மைத் தவிர்க்கவும் முடியாது. தரையை நோக்கிச் சற்றே தாழ்த்திவைக்க வேண்டும். ஜெர்மனியில் சைக்கிள் விளக்கின் ஒளி மேலே சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

மழைக்கு, பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்ற நீர்த்தடுப்புத் தரக்குறி போட்டிருந்தால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஆனால் சார்ஜ் துளையின் ரப்பர் மூடியைச் சரியாக அழுத்தியிருக்க வேண்டும். என் பழைய விளக்கு ஒரு கார்த்திகை மழையில் அந்தத் துளை வழியாகத்தான் செத்தது. இப்போது புறப்படும் முன் கட்டைவிரலால் மூடியை ஒருமுறை தடவிப் பார்க்கிறேன்.

போன வாரம் மைத்துனன் தூரத்திலேயே ஹாரன் அடித்து, வேகத்தைக் குறைத்து, நன்றாக விலகிக் கடந்து போனான்.